படகுப் பிரயாணத்திற்கேற்ற நீர் புகாப் பை

விடுமுறை தோறும் மாணவரிற் பலர் சிறு குழுவினராய்ச் சேர்ந்து, பழவேற்காட்டு ஏரி, பிச்சாவரத்து உப்பங்கழி, கேரளத்துக் காயல்கள் முதலிய இடங்களிற் படகேறிச் சுற்றுவதும், மலைநாட்டு நீர்நிலைகளின் கரையிலே கூடாரமிட்டு ஓரிரவு தங்கி வருவதும் வழக்கமாகிவிட்டன. எங்கே செல்வது, எதை உண்பது என்பன பற்றி நாட்கணக்காக ஆலோசிக்கும் இவர்கள், கொண்டுசெல்லும் பொருள்களை எதிலே வைப்பது என்பதைப் புறப்படும் நாளுக்கு முந்தின மாலையிலே, கடைத்தெருவில் கால்மணி நேரத்தில் முடிவுசெய்துவிடுகின்றனர். அக் கால்மணி நேரத்திற் கவனிக்க வேண்டுவன எவை என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

படகிலே பை நனைந்துபோவது வெறும் அசௌகரியமென்று எண்ணற்க. வெப்பத்தைக் கடத்துந் திறத்தில் நீரானது காற்றினும் ஏறக்குறைய 25 மடங்கு மிக்கது. ஆதலால் நனைந்த உடையும் நனைந்த கம்பளியுமாக மலைக்குளிரில் இராப்போக்க நேர்ந்தவன் உடற்சூட்டை விரைவில் இழப்பான். குழுவில் ஆஸ்துமாக்காரர் ஒருவரோ நீரிழிவுடையார் ஒருவரோ இருப்பின், அவருடைய மருந்தும் அப்பையிலேதான் இருக்கும். படகு கவிழ்ந்தால் உதவிக்கு அழைக்கவேண்டிய கைப்பேசியும் அதிலேயே இருக்கும். வேண்டாதபொழுது ஒழுகாமலும் வேண்டிய பொழுதில் ஒழுகியும் நம்மை ஏமாற்றும் பையைவிட, ஒழுகுமென்று வெளிப்படையாகத் தெரிந்த கோணிப்பை மேல். அதை நம்பி எவரும் மருந்தை அதில் வையார்.

துணியை நீர் புகாததாக்கும் முயற்சி பழமையானது. மேனாட்டு மாலுமிகள் கித்தான் துணிக்குத் தார் பூசினர். நம்மவர் வழங்கும் தார்ப்பாய் என்னுஞ் சொல் ஆங்கிலச் சொல்லின் திரிபேயாயினும், தாரும் பாயுமாகத் தமிழிலும் பொருள் பொருந்தி நிற்பது ஒரு விநோதம். ஸ்காட்லாந்தினரான சார்லஸ் மக்கிண்டாஷ், நிலக்கரித் தாரினின்று வடித்த நாப்தா என்னுந் திரவத்தில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளின் இடையே பூசி ஒட்டும் முறைக்கு 1823இல் உரிமைச் சாசனம் பெற்றார். அத்துணி குளிரில் விறைத்தது, வெயிலிற் பிசுபிசுத்தது. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூட்டாற் பக்குவப்படுத்தும் முறைக்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844இல் உரிமை பெற்ற பின்னரே அக்குறை பெரிதும் நீங்கிற்று. இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தபின், சேனையில் எஞ்சிய ரப்பர்ப் பைகளும் ரப்பர்த் தோணிகளும் மலிந்த விலைக்கு விற்கப்பட, அமெரிக்க ஆறுகளிற் படகோட்டுவோர் அவற்றை வாங்கி நெடுங்காலம் வழங்கினர்.

இக்காலத்துப் பைகள் பெரும்பாலும் இருவகைத் துணியால் ஆகின்றன. பாலியெஸ்டர் துணியின்மேல் பி.வி.சி. பூசியது ஒன்று, நைலான் துணியின்மேல் டி.பி.யூ. என்னும் ஒருவகைப் பாலியூரித்தேன் பூசியது மற்றொன்று. முன்னது விலை குறைந்தது, கனத்தது, குளிரில் விறைப்பது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதனை மென்மையாக்கச் சேர்த்த பொருள் வெளியேறிப்போக, மடிப்புகளில் வெடிப்புக் காணும். பின்னது இலேசானது, நன்கு மடங்குவது, உராய்வைத் தாங்குவது, விலையோ மிகுதி. இவற்றோடு 500 டெனியர், 1000 டெனியர் என்று கடைக்காரர் ஓர் எண்ணையுஞ் சொல்லுவர். 9000 மீட்டர் நீளமுள்ள நூலின் எடை இத்தனை கிராம் என்பதே அவ்வெண்ணின் பொருள். அது நூலின் பருமனைக் காட்டுமேயன்றி, நீர் புகுமா புகாதா என்பதைக் காட்டாது. பாறையிலும் சிப்பி படிந்த கரையிலும் இழுபடும் பைக்குப் பருநூல் நன்று. படகின் உள்ளேயே கிடக்கும் பைக்கு அத்துணைப் பருமன் வேண்டுவதில்லை.

நிற்க. துணியைப் பற்றிப் பேசுவார் பலர். தையலைப் பற்றிக் கேட்பார் சிலரே. பூச்சுள்ள துணி எதுவாயினும் அதன் ஊடே நீர் புகுவது அரிது. நீர் புகும் வழி பையின் மூட்டுகளும் வாயுமேயாம். ஊசியாலே தைத்த ஒவ்வொரு தையலும் ஒவ்வொரு துளை. ஒரு பையைச் சுற்றித் தைத்தால் துளைகள் நூற்றுக்கணக்கில் ஆகும். அத்துளைகளை மறைக்க உட்புறத்தில் நாடா ஒட்டுவதுண்டு. புதிதாயிருக்கும்வரை அது பயன்படும். வெயிலும் உப்பும் பட்டபின் ஓரம் பெயரத் தொடங்கும். ஆகவே தையலின்றி, உயர் அதிர்வு மின்னலையால் இரு விளிம்புகளின் பூச்சையும் உருக்கி ஒன்றாய்ப் பற்றவைத்த பையையே தேடவேண்டும். கண்டறிவது எளிது. பையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் பார்க்க. நூல் எங்கும் தென்படாமல், ஓரங்குல அகலத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த பட்டை காணப்படின் அது பற்றவைத்தது. தோள்வாரும் கைப்பிடியும் சேருமிடத்தையும் மறவாது நோக்குக. உடலெல்லாம் பற்றவைத்துவிட்டு வாரை மாத்திரம் நேரே உடலில் தைத்துவிடுகிற பைகளும் உண்டு. வாரை ஒரு தனித் துண்டிலே தைத்து, அத்துண்டைப் பையின்மேற் பற்றவைத்திருப்பதே சரியான முறை.

இனி வாயின் தன்மை. மூவகை மூடிகள் வழங்குகின்றன. வாயைச் சுருட்டிக் கொக்கியிடுவது முதலாவது. விளிம்பிரண்டையுஞ் சேர்த்துப் பிடித்து, காற்றைச் சிறிது வெளியேற்றி, குறைந்தது மூன்று சுற்றாயினும் இறுகச் சுருட்டல் வேண்டும். பையைத் தொண்டைமட்டும் திணித்துவிட்டு ஒரு சுற்றோடு நிறுத்துகிறவர்களே, பை ஒழுகிற்றென்று வியாபாரியை நோவர். முக்காற் பங்குக்குமேல் நிரப்பாதிருத்தல் நலம். இரண்டாவது, பற்கள் இறுகப் பொருந்திக் காற்றையுந் தடுக்கும் ஜிப்பு. வாய் அகன்று திறப்பதால் அடியிற் கிடப்பதை எடுப்பது எளிது. ஆயினும் விலை மிகுதி. ஒரு மணற்பரல் பல்லிடையே சிக்கினாலும் நீர் கசியும்; அடிக்கடி மசகு இட்டுப் பேணவும் வேண்டும். மூன்றாவது, மேலே மெழுகுபோன்ற பூச்சுமட்டும் உடைய சாதாரண ஜிப்பு. இது மழைத்தூறலைத் தாங்கும். நீரில் விழுந்தால் தாங்காது. மாணவர் கைப்பொருளுக்கும் நம் கடற்கரை மணலுக்கும் சுருட்டுவாயே ஏற்றதென்பது நம் துணிபு.

நீர் தாங்குவது என்பதும் நீர் புகாதது என்பதும் விற்பனைச் சீட்டிலே ஒன்றுபோல் எழுதப்படினும், பொருளால் வேறு. சில பைகளில் ஐ.பி.எக்ஸ். என்னுங் குறியோடு ஓரெண் இருக்கும். அது மின்சாதனங்களின் உறைகளுக்காக ஏற்பட்ட சர்வதேச அளவை. 4 என்பது தெறிக்கும் நீருக்கும், 6 என்பது வலிய நீர்த்தாரைக்கும், 7 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் அமிழ்ந்திருப்பதற்கும் உரியன. 7 பெற்றது 6-க்குரிய பரீட்சையிலுந் தேறியதென்று கொள்ளுதற்கில்லை. இரண்டும் வெவ்வேறு பரீட்சைகள்.

கடையிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. வெறும் பையிற் காற்றை அடைத்து, வாயைச் சுருட்டி மூடி, முழங்காலால் அழுத்திச் செவியை வைத்துக் கேட்க. சீறல் ஒலி கேட்பின் வாங்கவேண்டா. வீட்டிற்கு வந்தபின், உள்ளே ஒரு பத்திரிகைத் தாளை இட்டு மூடி, தொட்டி நீரில் அரைமணி நேரம் அமிழ்த்தி வைக்க. குமிழி கிளம்புமிடம் ஓட்டையைக் காட்டும். குமிழி தென்படாவிடினும் தாளின் ஈரம் உண்மையைச் சொல்லிவிடும்.

அளவு லிட்டர்க் கணக்கிற் குறிக்கப்படும். 60 லிட்டர்ப் பை முழுதும் இறுக மூடியிருக்குமானால், பொருளோடு சேர்ந்த எடை 60 கிலோவுக்குக் குறைந்திருக்கும்வரை நன்னீரில் மிதக்கும். மிதக்கிறதென்று அதனை உயிர்காப்புச் சட்டைக்குப் பதிலாகக் கொள்ளுதல் பேதைமை. கையினின்று நழுவினால் அலை அதைக் கொண்டுபோய்விடும். ஒரு பெரும்பையினும் 10, 20 லிட்டர்ப் பைகள் சில சிறந்தவை. 1869 ஜூனில் கொலராடோ ஆற்றுத் தொகுதியை ஆராயச் சென்ற ஜான் வெஸ்லி பவல் குழுவினரின் படகுகளில் ஒன்று பாறையில் மோதி உடைந்தது. உயரத்தை அளக்கவேண்டிய பாரமானிகள் எல்லாம் அவ்வொரு படகிலேயே இருந்தன. மறுநாள் உடைந்த படகின் துண்டினின்று அவை மீட்கப்பட்டமையால் ஆராய்ச்சி தொடர்ந்தது. மருந்தும் தீப்பெட்டியும் இரண்டு பைகளிற் பிரிந்திருக்கட்டும். நிறம் மஞ்சளோ செம்மஞ்சளோ ஆயின் நீரிலே தொலைவிலிருந்து தென்படும். கறுப்பு, வெயிலில் உள்ளிருப்பதை வேகவைக்கும்.

திரும்பியதும் நன்னீரால் உப்பையும் மணலையும் கழுவி, நிழலில் உட்புறமும் உலர்த்துக. ஈரத்தோடு சுருட்டிப் பெட்டியில் வைத்தால், பாலியூரித்தேன் பூச்சு நாளடைவில் ஈரத்தாற் சிதைந்து பிசினாகிவிடக்கூடும். சிறு கிழிசலுக்கு ஒட்டுத்துண்டு போடலாம், ஆனால் பி.வி.சி.க்குரிய பசை வேறு, பாலியூரித்தேனுக்குரியது வேறு. ஆகவே வாங்கும்பொழுதே துணி எதுவென்று கேட்டு, அதற்குரிய பசைக்குழாய் ஒன்றையும் இருவிரல் அகலத் துண்டு ஒன்றையும் பையின் உறையிலே வைத்துக்கொள்க.