கொப்பூழும் ஈரமும்

நாள்தோறும் நீராடும் நம்மவரிடம், "கொப்பூழைத் துடைத்தீர்களா?" என்று எவரேனும் வினவினால் நகைப்புத்தான் தோன்றும். ஆயினும் கொல்கத்தாவின் புழுக்கம் இந்த அலட்சியத்தைப் பொறுப்பதன்று. ஆனி, ஆடி மாதங்களில் ஹௌரா செல்லும் மின்சார ரயிலில் நெருக்குண்டு நின்று வருபவரின் உடலில் வேர்வை நெடுநேரம் தங்கும் குழிகளுள் கொப்பூழும் ஒன்று.

2012ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், 60 பேருடைய கொப்பூழ்களில் 2,368 வகைப் பாக்டீரியாக்கள் காணப்பட்டன. அன்பர்கள் அஞ்ச வேண்டுவதில்லை. இவற்றுட் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. ஈரமும் அழுக்கும் சேர்ந்து தங்கும்போதுதான் துன்பம் பிறக்கின்றது. அரிப்பு, செந்நிறம், துர்நாற்றம் ஆகியவை காளான் கிருமியின் அடையாளமாக இருக்கலாம். நீரிழிவுடையோர்க்கு இது எளிதில் வரும். ஆழ்ந்த கொப்பூழ் உடையவர்க்கு ஆண்டுக்கணக்கில் அழுக்கும் தோலின் எண்ணெய்ப் பசையும் இறுகிக் கருங்கல்போல் ஆவதும் உண்டு. அதனை ஊக்கு முனையால் தோண்டலாகாது, மருத்துவரே எடுக்கவேண்டும். மற்றபடி, விரல் நுனியில் சிறிது சோப்பு நுரை, பின்பு நல்ல நீர், பின்பு உலர்ந்த துணி, அவ்வளவே.

நம் அலுவலகத்து வங்காள நண்பர்கள் குளிக்குமுன் கொப்பூழில் கடுகெண்ணெய் இடுவர். அது அவர்தம் வழக்கம்; குளிக்கும்போது கழுவிவிட்டால் குற்றமில்லை. ஆனால் கொப்பூழில் இட்ட எண்ணெய் எழுபத்தீராயிரம் நரம்புகளின் வழியே கண்ணுக்கும் மூட்டுக்கும் செல்லும் என்று கைப்பேசியில் உலவும் செய்தியை நம்பற்க. கருவில் இருந்த குழாய்கள், பிறந்தபின் மூடி வெறும் நார்களாகி விடுகின்றன.

பிறந்த சின்னாட்களில் அக்குழாய்கள் முற்றும் மூடுவதில்லை என்பதே இங்கு முக்கியம். கொடியின் அடியில் புகும் கிருமி அவ்வழியே குருதிக்குச் சென்றுவிடக்கூடும். இதனை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை.

நம் தலைமகன் பிறந்தபோது ஊரிலிருந்து நம் மாமியார் வந்திருந்தார். மருத்துவமனையில், "அம்மா, கொடியில் ஒன்றும் தடவாதீர்கள், காய்ந்து தானே விழும்" என்று சொல்லியே அனுப்பினர். மூன்றாம் நாள் அவர் வசம்பைச் சுட்டு, விளக்கெண்ணெயில் குழைத்துத் தடவக் கண்டோம். பெரியவரிடம் எவ்வாறு மறுத்துரைப்பது என்று வாளா இருந்துவிட்டோம். ஆறாம் நாள் கொப்பூழைச் சுற்றிலும் சிவந்து நாற்றம் கண்டது. குழந்தை பால் குடிக்க மறுத்தான். பத்து நாட்கள் மருத்துவமனையில் ஊசி மருந்து ஏற்றியே அவனை மீட்டனர். மாமியார் மீது பழி கூறுவது தகாது. அவர் தம் மக்கள் ஐவர்க்கும் செய்ததையே செய்தார். அறிந்திருந்தும் வாய் திறவாதவர் நாமே.

சாம்பல், சாணம், மஞ்சள் என்று தடவும் வழக்கம் நாடெங்கும் இருந்தது. மண்ணிலும் சாணத்திலும் உள்ள கிருமியால் வரும் இசிவு நோய் முற்காலத்தில் எண்ணற்ற சிசுக்களைக் கொண்டுசென்றது. தாய்மார்க்குத் தடுப்பூசியும் தூய பிரசவமும் பரவியபின், 2015ஆம் ஆண்டில் இந்தியாவில் சிசுக்களின் இசிவு நோய் ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கொடியைத் தூய்மையாகவும் உலர்வாகவும் விடுவதே அந்நிறுவனம் கூறும் முறை. அணையாடையைக் கொடிக்குக் கீழே மடித்துக் கட்டினால் சிறுநீர் படாது. கொடி பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் விழுந்துவிடும். விழுந்தபின் சிவந்த சிறு மணிபோல் சதை துளிர்த்து நீர் கசிந்தால் மருத்துவரிடம் காட்டுக, எளிதில் குணமாகும்.

அழும்போது கொப்பூழ் புடைத்தெழும் குழந்தைகளுக்கு நாணயத்தை வைத்துக் கட்டுவோர் நம் குடியிருப்பிலும் உளர். அதனால் தோல் புண்ணாகுமேயன்றிப் பயனில்லை. பெரும்பாலான புடைப்பு நான்கைந்து வயதிற்குள் தானே மூடும். புடைப்பு கல்லித்து, உள்ளே அழுந்தாமல், குழந்தை வாந்தியெடுத்து வீறிட்டால் மட்டும் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

நம் இரண்டாம் மகவு பிறந்தபோதும் மாமியாரே வந்தார். இம்முறை, தூக்க வந்தவரை எல்லாம் கைகழுவ அனுப்பியவர் அவரே. ஒன்பதாம் நாள் கொடி காய்ந்து விழுந்தது.