பழைய பெட்டிக்குள் ஒரு நாதஸ்வரம்

சீட்டுப் பணம் கைக்கு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஒரு ஜோடி வளையல் வாங்குவீர்கள். இல்லாவிட்டால், ஓடி ஓய்ந்த வாஷிங் மெஷினை மாற்றுவீர்கள். அதுவும் இல்லையென்றால் பெண்ணின் காலேஜ் சம்பளத்தைக் கட்டுவீர்கள். சேலையூரில் இருக்கும் என் அக்காள் இந்த மூன்றையும் தள்ளிவிட்டு, நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கீபோர்டை வாங்கப் போவதாகச் சொன்னாள். இருபது மாதம் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்! எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே எழவில்லை.

"பெண்ணுக்கு அதுதான் வேணுமாம்டா. புதுசு வேண்டாமாம். பழைய சினிமாப் பாட்டிலே மணி மாதிரி ஒரு சத்தம் வருமே, அது இதிலேதான் வருமாம். நீ பத்திரிகைக்காரன்தானே? கூட வந்து பார்த்துக் கொடு" என்றாள்.

பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று நம்பும் ஒரே ஜீவன் உலகத்தில் அக்காள்தான்!

அது என்ன அப்படிப்பட்ட சத்தம் என்கிறீர்களா? சொல்கிறேன். பாட்டு வாத்தியார் ஒரு ஸ்வரத்தை அசைத்துப் பாடினால் அது கமகம். விநாடிக்கு ஐந்தாறு தடவை அசைந்தால் அந்த அசைவு நம் காதுக்குத் தெரிகிறது. அதையே விநாடிக்கு நூறு தடவை, இருநூறு தடவை என்று ஆக்கினால்? மனிதத் தொண்டையால் ஆகாது, கம்ப்யூட்டரால் ஆகும். அப்போது அசைவு மறைந்துபோய், ஸ்வரத்தின் நிறமே மாறிவிடுகிறது. மணியாகிறது, வீணைத் தந்தியாகிறது, ஊதுகுழலாகிறது. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் ஜான் சௌனிங் என்பவர் 1967-ல் இதைக் கண்டுபிடித்தார். ஜப்பானிய யமஹா கம்பெனி அவருடைய வித்தையை உரிமை பெற்று எடுத்துக்கொண்டு, 1983-ல் டி.எக்ஸ்.7 என்ற சிந்தஸைசரை வெளியிட்டது. 61 கட்டைகள்; ஒரே சமயத்தில் 16 ஸ்வரங்கள்; ஞாபகத்தில் 32 ஓசைகள். உலகம் பூராவும் லட்சத்துக்கு மேல் விற்றது. 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா யமஹாவின் இசைக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினாரே, அதற்குள் இருந்ததும் இதே வித்தைதான்.

அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய பெட்டிகளும் இருந்தன. அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரி ஆசாமிகள் உருவாக்கிய சின்க்ளேவியர் ஒன்று. ஆஸ்திரேலியாவில் சிட்னியில் 1979-ல் பிறந்த ஃபேர்லைட் இன்னொன்று. (சிட்னி துறைமுகத்தில் ஓடிய ஒரு படகின் பெயரைத்தான் இதற்கு வைத்தார்கள்!) பெரிய சின்க்ளேவியர் வாங்க லட்சக்கணக்கில் டாலர் வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் அதைச் செய்த கம்பெனியே மூடிப் போயிற்று. ஆனால் பெட்டிகள் சாகவில்லை. பழசைப் பிரித்துச் சுத்தம் செய்து, தேய்ந்த டிஸ்க்குகளுக்குப் பதில் புதிய மெமரி பொருத்தி, இன்றைய கம்ப்யூட்டரோடு பேச வைத்து விற்கிறவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் அந்த அளவுக்கு யாரும் போவதில்லை. இங்கே கைமாறுகிறவை டி.எக்ஸ்.7, 1987-ல் வந்த ரோலண்டு டி-50, 1988-ல் வந்த கோர்க் எம்1 போன்றவை.

புதிதாகவே வாங்கினால் என்ன என்று நானும் கேட்டேன். தபலா, தம்புரா ஓசைகளோடு கூடிய கீபோர்டுகளை யமஹா கம்பெனி சென்னைக்குப் பக்கத்திலேயே செய்கிறது. "அதெல்லாம் நல்லதுதான், மாமா. ஆனா அதிலே ஓசை செஞ்சு வெச்சதுதான் வரும். இதிலே நாமே செய்யலாம்" என்றாள் அக்காள் மகள். பதில் சொல்லத் தெரியாமல் காபியைக் குடித்தேன்.

இன்னொரு விஷயத்தையும் நினைத்துக்கொண்டேன். 1976-ல் இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் காலமானபோது, அவர் மனைவியிடம் வாத்தியங்களை விற்று, பணத்தைப் போட்டு, வட்டியில் குடும்பம் நடத்தும்படி யோசனை சொன்னார்களாம். அந்த அம்மாள் சம்மதிக்கவில்லை. வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார். ஒன்பது வயதுப் பிள்ளை அவற்றோடேயே வளர்ந்தான். அந்தப் பிள்ளைதான் ஏ.ஆர்.ரஹ்மான். வாத்தியத்தில் போட்ட பணம் வீண் என்று அக்காளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் பழசை வாங்குவதில் எனக்கு ஒரு சொந்த அனுபவம் உண்டு. அக்காளிடம் அதுவரை அதைச் சொன்னதில்லை. மூன்று வருஷத்துக்கு முன் தாம்பரத்தில் ரயில் ஏறி, சானடோரியம், குரோம்பேட்டை தாண்டிப் பல்லாவரத்தில் இறங்கினேன். வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ரோஜாச் செடியிலிருந்து கிராமபோன் தட்டு வரை தரையில் பரப்பியிருப்பார்கள். அங்கே ஒரு மூலையில் ஜப்பான் கீபோர்டு ஒன்று கிடந்தது. பேரம் பேசி, வெற்றிப் பெருமிதத்தோடு தோளில் தூக்கி வந்தேன். வீட்டில் பிளக்கைச் செருகினேன். 'பட்'டென்று ஒரு சத்தம், ஒரு நெளிந்த புகை, அவ்வளவுதான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் தகட்டில் தெளிவாக அச்சடித்திருக்கிறது: 100 வோல்ட். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் வீட்டில் 230. விற்றவர் மேல் குற்றமே இல்லை. படிக்கத் தெரிந்தவன் படிக்கவில்லை!

ஆகவே இந்தத் தடவை சந்தைக்குப் போகவில்லை. ரிச்சி தெருவில் முப்பது வருஷம் ரிப்பேர் வேலை பார்த்து, இப்போது சிட்லப்பாக்கத்தில் வீட்டு முன்னறையிலேயே பழைய கீபோர்டுகளைச் செப்பனிட்டு விற்கும் பெரியவர் ஒருவரைத் தேடிப் போனோம்.

அவர் எங்களுக்கு முதலில் காட்டியது கீபோர்டை அல்ல. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். உள்ளே உப்பிய கெபாசிட்டர்கள், துருப்பிடித்த ஸ்குரூக்கள், தேய்ந்த ஸ்விட்சுகள். கூடவே இரண்டு பல்லி முட்டைகள்.

"இதெல்லாம் அதுக்குள்ளேருந்து எடுத்ததும்மா. புதுசா மாத்திட்டேன்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். எடுத்த பழசைக் காட்டச் சொல்லுங்க" என்றார் அக்காளிடம்.

எனக்கு அவரை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. பாருங்கள், பழைய சிந்தஸைசர் வாங்கும்போது நாம் பெட்டிக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை. அதன்மேல் ஒருவர் பட்ட பாட்டுக்குக் கொடுக்கிறோம். அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மேலே பளபளவென்று வர்ணம் பூசுவது ஒரு மணி நேர வேலை.

மூடியைத் திறந்து காட்டச் சொன்னேன். தயங்காமல் திறந்தார். நம் பக்கத்துக்காரர்கள் இதை அவசியம் செய்ய வேண்டும். 2015 டிசம்பர் மழை ஞாபகமிருக்கிறதல்லவா? முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் அடையாற்று வெள்ளம் புகுந்தது. கட்டில், பீரோவோடு வாத்தியங்களும் முழுகின. அப்படி முழுகியது வெளியே துடைத்தால் தெரியாது. உள்ளே மூலைகளில் வண்டல் கோடு போட்டிருக்கும்.

பிறகு கட்டைகள். அக்காள் மகள் ஒவ்வொன்றையும் மெதுவாக ஒரு தடவை, ஓங்கி ஒரு தடவை தட்டினாள். மெதுவாகத் தட்டினாலும் ஒரு கட்டை மட்டும் கத்தினால் அதன் அடியில் அழுக்கு. 61-ம் ஒழுங்காகப் பேசின. எழுத்து தெரியும் சின்னக் கண்ணாடிக்கு இந்த மாடலில் விளக்கு கிடையாது. பெரியவர் விளக்குள்ள புதிய கண்ணாடி பொருத்தியிருந்தார். இது உபயோகமான மாற்றம். பிளாப்பி செருகும் பெட்டிகளில் அதை எடுத்துவிட்டு யு.எஸ்.பி. வைப்பதும் அப்படியே, பிளாப்பிக்கு இப்போது எங்கே போவது?

அக்காள் ரொம்ப நேரமாக எதையோ தேடினாள்.

"ஸ்பீக்கர் எங்கேடா?"

"இதுக்கு ஸ்பீக்கர் கிடையாதும்மா. ஆம்ப்ளிபயர் தனியா வாங்கணும்" என்றார் பெரியவர்.

அக்காள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தாளமும் தானாக வராது. பெட்டியின் கனமோ சுமார் 14 கிலோ. அரிசி மூட்டையில் பாதிக்கு மேல். மாடி வீட்டுக்காரர்கள் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

விலை படிந்தது. பெரியவர் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். "பாட்டரி மட்டும் பாக்கி. உள்ளேயே சால்டர் பண்ணியிருப்பாங்க. அதை எடுத்துட்டு, கழட்டி மாட்டற மாதிரி வெச்சுத் தரேன். எடுத்தா உள்ளே இருக்கற ஓசையெல்லாம் அழிஞ்சுடும். கவலைப்படாதீங்க, கம்பெனி ஓசை 32-ஐயும் ஏத்தித் தந்துடறேன்."

அந்த ஓசைகளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது காலணா அகலமுள்ள ஒரு பாட்டரி. ஒரு பொத்தானை அமுக்கினால் அதில் எவ்வளவு உயிர் மிச்சமிருக்கிறது என்று பெட்டியே சொல்லிவிடுகிறது. 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.3 என்று காட்டியது.

அக்காள் மகள் அதற்குள் ஓசைகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். 17-வது நம்பரில் நின்றாள். "தாத்தா, கொஞ்சம் இருங்க. மாமா, இது கம்பெனி போட்டதில்லே!"

எட்டிப் பார்த்தேன். இந்தப் பெட்டியில் ஓர் ஓசைக்குப் பெயர் வைக்கப் பத்து எழுத்துத்தான் இடம். ஆங்கில எழுத்தில் சரியாகப் பத்தும் நிரம்பியிருந்தது: நாதஸ்வரம்.

வாசித்தாள். ஏமாற்றம்தான். மூடிய அறைக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து, சோகையாக ஒரு ஓசை. ஆனால் யாரோ ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து உண்டாக்கியது என்பது நிச்சயம்.

"குரோம்பேட்டையிலே ஒரு மெல்லிசைக் குழுக்காரர் வீட்டிலேருந்து வந்த பெட்டி. அவர் போயிட்டார். அந்த அம்மாதான் கொடுத்தாங்க" என்றார் பெரியவர். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "எல்லாரும் கம்பெனி ஓசையைத்தான் கேப்பாங்க. அதனாலே இதையெல்லாம் எடுத்து வெக்கற வழக்கம் விட்டுப் போச்சு."

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, ஒரு ஒயரைத் தேடி எடுத்து, பெண்ணின் லாப்டாப்போடு இணைத்தார். இரண்டு விநாடிகூட ஆகவில்லை. 32 ஓசைகளும் இறங்கிவிட்டன. மொத்தம் 4,096 பைட். உங்கள் கைபேசியில் எடுக்கும் ஒரு போட்டோவின் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்குமா, சந்தேகம். பிறகுதான் பழைய பாட்டரியை எடுத்தார். கண்ணாடியில் கன்னாபின்னாவென்று எழுத்துக்கள் ஓடின. அக்காள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். புதுப் பாட்டரி மாட்டி, லாப்டாப்பிலிருந்து திரும்ப ஏற்றியதும், 17-வது நம்பரில் பத்து எழுத்தும் பத்திரமாக வந்து நின்றன.

நீங்கள் வாங்கும் பெட்டியிலும் இதைக் கேட்க மறக்காதீர்கள். பாட்டரி எப்போது மாற்றினது? மாற்றுமுன் உள்ளே இருந்ததை எடுத்து வைத்தார்களா?

அடுத்த வாரம் பெரியவர் சொல்லி அனுப்பி, அந்தக் குரோம்பேட்டை அம்மாள் அக்காள் வீட்டுக்கே வந்தார். கையில் ஒரு துணிப்பை. அக்காள் மகள் 17-வது நம்பரைப் போட்டு வாசித்தாள். அம்மாள் தலையை அசைத்தார்.

"இப்படி இருக்காது, கண்ணு. அவர் வாயிலே ஒண்ணு வெச்சு ஊதிக்கிட்டே வாசிப்பார். என்ன சாமான்னு தெரியாம இதைப் பெட்டியோட கொடுக்காம விட்டுட்டேன்."

பையிலிருந்து ஒயர் தொங்கும் ஒரு சின்னக் கறுப்புக் குழலை எடுத்தார். மூச்சுக் கருவி! டி.எக்ஸ்.7-க்காக யமஹாவே விற்றது. பெட்டியின் முன்பக்கத்தில் அதற்கென்று ஒரு துளையே உண்டு. பெண் அதைச் செருகி, புஸ்தகத்தைப் பார்த்து இரண்டு மூன்று பொத்தான்களை அமுக்கினாள். பல்லிடுக்கில் குழலை வைத்துக்கொண்டு ஊதினாள்.

கூடத்தில் கல்யாண வீட்டுச் சத்தம் கிளம்பியது. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

"மெதுவா, மெதுவா! நடுவிலே மூச்சு எடுத்துக்கோ" என்றார் அந்த அம்மாள்.