வெள்ள இரவிலும் விளக்கு எரியும்!
வீட்டிலேயே செய்யலாம்

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. தாம்பரத்தில் மழை கொட்டியது. மறுநாள் காலை வரை, 24 மணி நேரத்தில் 49 சென்டி மீட்டர்! அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் நிறுத்தப்பட்டது. மெழுகுவர்த்தி கரைந்தது. கைபேசியும் அணைந்தது. 2023 டிசம்பரில் "மிக்ஜாம்" புயலின்போதும் புறநகரின் பல பகுதிகள் இருளில் மூழ்கின.

அப்படிப்பட்ட இரவுக்கு என்றே ஒரு விளக்கு இருந்தால்? அதை நாமே செய்து கொள்ளலாம்.

எள் அளவு விளக்கு

கடைகளில் "எல்.இ.டி. ஸ்டிரிப்" என்று நாடா போல் சுருட்டி விற்கிறார்கள். அதில் எள் அளவு விளக்குகள் வரிசையாக இருக்கும். நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீல ஒளியிலிருந்துதான் இன்றைய வெள்ளை ஒளி பிறக்கிறது.

இந்த நாடாவுக்கு வேண்டியது 12 வோல்ட் நேர் மின்சாரம். பாட்டரி தருவதும் அதுதான். 1931-ல் தாம்பரத்துக்கு முதன் முதலாக மின்சார ரயில் ஓடியதே, அதுவும் நேர் மின்சாரத்தில்தான் ஓடியது!

செய்யும் முறை

வேண்டிய பொருள்கள்: மீட்டருக்கு 4.8 வாட் இழுக்கும் 12 வோல்ட் நாடா 1 மீட்டர், யு.பி.எஸ்.களில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரி, அதற்கு உரிய சார்ஜர், ஒரு சுவிட்சு, 2 ஆம்பியர் பியூஸ், ஒரு அலுமினியப் பட்டை.

நாடாவின் முதுகில் பசை இருக்கும். பட்டையைத் துடைத்து விட்டு ஒட்டுங்கள். சூட்டைப் பட்டை வாங்கிக் கொள்ளும். நீளம் குறைக்க வேண்டுமா? கத்தரிக்கோல் படம் போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள். மூன்று விளக்குகள் ஒரு குடும்பம். நடுவில் வெட்டினால் அந்தக் குடும்பம் எரியாது.

பாட்டரியின் சிவப்பு முனையிலிருந்து பியூஸ், பிறகு சுவிட்சு, பிறகு நாடாவின் "+" முனை. கறுப்பு முனை "-" முனைக்கு. மாற்றிக் கொடுத்தால் விளக்கு எரியாது. பியூஸ் பாட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும். வயர்கள் உரசினால் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான்.

எத்தனை மணி நேரம்?

12-ஐ 7-ஆல் பெருக்கினால் 84. விளக்கு இழுப்பது சுமார் 5 வாட். ஆகவே கணக்குப்படி 16 மணி நேரத்துக்கு மேல் எரியும். ஆனால் பாட்டரியைப் பாதிக்கு மேல் வற்ற விடாதீர்கள், ஆயுள் குறையும். பாதி என்றாலும் 8 மணி நேரம். நாடாவை அரை மீட்டராக்கினால் 16 மணி நேரம்.

உஷார்!

நாடாவை 230 வோல்ட் பிளக்கில் நேராகச் சொருகாதீர்கள். உயிருக்கே ஆபத்து. தண்ணீர் வீட்டை நெருங்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்து விடுங்கள். பாட்டரியை உயரமான பரணில் வையுங்கள். மாதம் ஒரு முறை சார்ஜ் செய்யுங்கள்.

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பிள்ளைகளையும் உடன் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தண்ணீர் வரும் இரவில் பாட்டிக்குப் படி தெரியும். குழந்தைக்கு அம்மா முகம் தெரியும்.