உங்களுக்குத் தெரியுமா? தரையின் ஈரம் கீழிருந்தும் வரும்

இலங்கையின் முள்ளிவாய்க்கால், நந்திக்கடல் களப்புக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலம். அங்கே நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. சீமெந்துத் தரையோ நுண்துளைகள் நிறைந்தது. ஆகவே ஈரம் ஆவியாக மேலேறிக்கொண்டே இருக்கும். வெறுந்தரையில் அது காற்றோடு போய்விடும். தரைமேல் வைனைல் விரிப்பு ஒட்டினால் அது அடைபட்டு, பசையை இளக்கி, ஓரங்களைக் கிளப்பும். காபெட்டில் பூஞ்சணம் பிடிக்கும், மரப்பலகை உப்பும். வைனைலில் தண்ணீர் ஊறாதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தக் குணமே கீழிருந்து வரும் ஈரத்தைப் பூட்டிவைக்கிறது. மணல் நீரை வடித்துவிடும் என்பதும் மழைநீருக்குத்தான் பொருந்தும், ஆவிக்கு அல்ல.

இங்குள்ள வீடுகள், உள்நாட்டுப் போரில் யாவும் இழந்தவர்கள் 2009க்குப் பின் மீண்டு வந்து எழுப்பியவை. ஒரு ரூபாயும் வீணாகக்கூடாது. வைனைல் ஒட்டுவதற்கு முன், 18 அங்குலச் சதுரப் பொலித்தீனை நாற்புறமும் தரையோடு ஒட்டி 16 மணி நேரமாவது விடுங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ சீமெந்து கறுத்திருந்தாலோ ஒட்டாதீர்கள். புதுத்தரை போடுவோர் கொங்கிறீட்டுக்கு அடியிலேயே தடித்த பொலித்தீன் விரித்துவிடலாம்.