கறுப்புச் சட்டையா, வெள்ளைச் சட்டையா? வெயிலில் ஓடும் உடம்புக்கு எது தேவை?

கண்டிக்குப் படிக்க வந்தபோது எனக்கு முதலில் பிடித்துப்போனது அதன் காலைநேரம்தான். வன்னியில் ஏழு மணிக்கே வெயில் முகத்தில் அறையும். இங்கே சூரியன் மலைகளைத் தாண்டி வரச் சற்று நேரமெடுக்கும். கலஹா சந்தியில் தொடங்கி, பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தின் மரநிழலில் ஓடப் பழகினேன்.

ஓடும்போது எப்போதும் முழுக்கைச் சட்டைதான்; அதுவும் கறுப்பு. 2009இல் எரிந்துபோன என் இடது கையையும் முதுகையும் யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. ஐந்து கிலோமீற்றர் தாண்டினால் தலை சுற்றும். ஒருநாள் மதிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டேன். "கறுப்பு வெயிலை இழுக்கும்" என்றார்கள் நண்பர்கள். வெள்ளைச் சட்டை வாங்கினேன். அதே முழுக்கை, அதே தடித்த பருத்தித் துணி. தலைசுற்று நிற்கவில்லை.

நண்பர்கள் சொன்னது பொய்யல்ல. 18ஆம் நூற்றாண்டிலேயே பெஞ்சமின் பிராங்ளின் பல நிறத் துணித்துண்டுகளை வெயிலில் பனியின்மேல் விரித்துப் பார்த்தார். கறுப்புத் துண்டின் கீழ்ப் பனி அதிகம் உருகி, அது ஆழமாக அமிழ்ந்தது. வெள்ளைத் துண்டு அமிழவேயில்லை. கறுப்பு ஒளியை உறிஞ்சுகிறது, வெள்ளை திருப்பி அனுப்புகிறது.

ஆனால் சூரிய சக்தியில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களாக வருகிறது. அந்தப் பாதியைத் துணி என்ன செய்யும் என்பதை நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மெல்லிய வெள்ளைத் துணி ஒளியில் ஒரு பகுதியைத் தோல்வரை உள்ளே விடவும் செய்யும்.

பாலைவனத்து பெதூயின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்ற கேள்விக்கு, 1980இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு ஒன்று விடை தேடியது. கறுப்பு அங்கி அதிகம் சூடானது உண்மை. ஆனால் அங்கி தளர்வானது என்பதால் அந்த மேலதிகச் சூடு காற்றோடு போய்விட்டது. தோலை அடைந்த வெப்பம் இரு நிறத்திலும் ஒன்றாகவே இருந்தது. உடம்போடு ஒட்டும் ஓட்டச் சட்டையில் அந்த இடைவெளி இல்லை. ஆகவே உச்சி வெயிலில், நிழலில்லாத தார் வீதியில் இறுக்கமான கறுப்பு நிச்சயம் சுடும்.

அப்படியென்றால் நிழலில் ஓடிய எனக்கு ஏன் தலை சுற்றியது? 2019இல் டோஹாவில் நடந்த உலக மெய்வல்லுநர் போட்டியில் பெண்கள் மரதன் நள்ளிரவில்தான் ஆரம்பமானது. வெயிலே இல்லை. இருந்தும் 68 பேரில் 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. வெக்கையும் ஈரப்பதனும் அவர்களை விழுத்தின.

ஓடுபவருக்குப் பெரிய அடுப்பு வானத்தில் இல்லை, உடம்புக்குள் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீற்றர் ஓடினால் சுமார் 600 கிலோகலோரி செலவாகும். அதில் முக்கால் பங்குக்கு மேல் வெறும் வெப்பமாகவே வெளிப்படும். ஒரு லீற்றர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். சொட்டி நிலத்தில் விழும் வியர்வையால் குளிர்ச்சி இல்லை. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருப்பதால் யாழ்ப்பாணத்தைவிடக் குளிர்மை. ஆனாலும் மழைக்காலக் காலைகளில் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாது.

என்னைப் போன்றவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஆழமாக எரிந்த தோலிலும், தோல் ஒட்டுச் செய்த இடத்திலும் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் வேலை செய்யாது. முள்ளந்தண்டு வடம் காயப்பட்டவர்களுக்குக் காயத்தின் கீழே வியர்வை குறைவு. காலை இழந்தவர்களுக்கு வெப்பத்தை வெளிவிடும் தோலே குறைவு. மிச்சக் காலையும் செயற்கைக்காலின் உறை மூடிவிடும். நானோ வியர்க்கக்கூடிய மற்றப் பாதியையும் தடித்த துணியால் மூடி வைத்திருந்தேன்.

இதை எனக்குப் புரியவைத்தவர் தோட்டத்திலிருந்து வந்து தினமும் அங்கே ஓடும் வயதான அண்ணர் ஒருவர். "கலர்ல ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாத்தையும் மூடிக்கிட்டு ஓடுறீங்களே, வேர்வை எங்க போகும்?"

இப்போது நான் கையில்லாத, தளர்வான, மெல்லிய, வெளிர்நிற ரீசேர்ட் அணிகிறேன். அதிகாலையில் பஸ் சாரதிகளின் கண்ணிலும் அது படும். தழும்புத் தோல் வெயிலில் இலகுவில் கருகும். ஆகவே வெயிலுக்கு முன்பே ஓடி முடிப்பேன். பிந்தினால் இடது கைக்கு மட்டும் மெல்லிய கையுறை ஒன்றை முழங்கைக்கு மேல்வரை இழுத்து, தண்ணீரில் நனைத்துக்கொள்வேன். தோல் தராத வியர்வையை அந்தத் தண்ணீர் தருகிறது.

இப்படியான காயமுள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, தனியே போகாமல், சிறு தூரத்தில் தொடங்குங்கள். தலைசுற்று, குமட்டல் வந்தால் நின்றுவிடுங்கள். கூட ஓடுபவர் தடுமாறி, சம்பந்தமில்லாமல் கதைத்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றிக் குளிரவையுங்கள். அதோடு ஆஸ்பத்திரிக்கு அறிவியுங்கள்.

கண்டி வாவியைச் சுற்றி ஓடும்போது சிலர் என் கையைப் பார்ப்பார்கள். முதல் வாரம் கூசியது. இப்போது பத்துக் கிலோமீற்றர் ஓடிவிட்டு, தலை சுற்றாமல் வீடு வருகிறேன்.