குட்டி யானையில் புல்லட்: பிரேக் பிடிச்சும் ஏன் நிக்கல?

2015 டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் கொட்டிய மழை 49 செ.மீ. அடையாறு கரை தாண்டி, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் பார்த்தால் வீட்டுக்கு வீடு ஒரு பைக் சேறு பூசி நின்றது. தண்ணீர் குடித்த எஞ்சினை உதைத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. அதனால எல்லாரும் தேடியது டாடா ஏஸ், அதாவது நம்ம குட்டி யானை.

என் புல்லட்டை ஏற்றும்போது நாலு பேர், பிரச்சினையே இல்லை. மெக்கானிக் கடை வாசலில் இறக்கும்போது நானும் டிரைவரும் மட்டும்தான். பின் சக்கரம் முதலில் வருகிற மாதிரி பலகையில் விட்டோம். முன் பிரேக்கை முழுசா அழுத்திப் பிடித்திருந்தேன். சக்கரம் சுற்றவே இல்லை. ஆனா வண்டி சறுக்கிக்கொண்டே கீழே போய்ச் சாய்ந்தது. கால் தப்பியது, இண்டிகேட்டர் போச்சு.

பிரேக் பிடித்தும் ஏன் நிற்கவில்லை? பிறகொரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வண்டி சுமார் 190 கிலோ. ஏஸின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டேகால் அடி. ஏழடிப் பலகை போட்டால் சரிவு 19 டிகிரி வரும். அந்தச் சரிவில் வண்டியைக் கீழே இழுக்கும் விசை சுமார் 62 கிலோ. சமதளத்தில் இரண்டு சக்கரத்திலும் ஏறக்குறைய பாதிப் பாதி எடை. சரிவில் அப்படி இல்லை, கீழே இருக்கிற சக்கரத்துக்கு எடை நகர்ந்துவிடும். பின் சக்கரத்தில் 116 கிலோ, முன் சக்கரத்தில் வெறும் 64. காய்ந்த மரத்தில் டயரின் பிடிப்பு எடையில் 0.7 பங்கு என்று வைத்தால், முன் சக்கரம் தாங்குவது 45 கிலோதான். தேவை 62. பின் சக்கரமோ 81 வரை தாங்கும். ரோட்டில் நம்மைக் காப்பாற்றுகிற அதே முன் பிரேக் இங்கே ஏமாற்றுவது இதனால்தான். பலகை ஈரமாக இருந்தால் (அன்று ஈரம்தான்) பின் சக்கரமும் கைவிடும். கோணிச் சாக்கை விரித்து ஆணி அடித்துவிடுவது நல்லது.

சரி, பலகை ஓரமா நிற்கிறவருக்குப் பின் பிரேக் பெடல் எட்டாதே? எஞ்சினை அணைத்து முதல் கியரில் போட்டு, கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி விடுங்கள். கையை எடுத்தால் பின் சக்கரம் பிடித்துக்கொள்ளும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டிக்கு இது வேண்டாம், எஞ்சின் சுழலக் கூடாது. முன் ஃபோர்க்கில் கயிறு கட்டி, லாரி பாடியின் கம்பியில் ஒரு சுற்று சுற்றி, ஒருவர் மேலே நின்று மெல்ல மெல்ல விடலாம். யாரும் வண்டிக்குப் பின்னால் நிற்க வேண்டாம், தாங்கிப் பிடிக்கிறேன் என்று வருகிற மாமாவும் சேர்த்துத்தான்.

இதையெல்லாம்விட பெரிய லாபம் ஒன்று உண்டு. மேட்டு ஓரமாகப் பார்த்து ஏஸை ரிவர்ஸில் விடச் சொல்லுங்கள். பலகையின் கீழ்முனை ஓரடி உயர்ந்தாலே அந்த 62 கிலோ சுமார் 35-ஆக இறங்கிவிடும். நம்ம புறநகரில் ரோட்டை விட உயர்ந்த வாசலுக்கா பஞ்சம்!

பலகையின் மேல் முனையைத் தளத்தோடு கட்டாமல் விடாதீர்கள், சக்கரம் ஏறும்போது பலகை பின்னால் நழுவும். ஏற்றியபின் சைடு ஸ்டாண்டை நம்பாமல், முன் ஃபோர்க் பாதி அமுங்கும் அளவுக்கு இரண்டு பக்கமும் பெல்ட் போட்டு இறுக்குங்கள்.

ஆக்டிவா மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பாதித் தலைவலி கிடையாது. இடது கை லீவரே பின் சக்கரத்தைப் பிடித்துவிடும்.