பீடத்தின் அடியில் ஒரு பெயர்

கடையில் மரப் பிள்ளையார் வாங்குகிற யாரும் அவரைத் திருப்பிப் பார்ப்பதில்லை. முகம் லட்சணமாக இருக்கிறதா, தும்பிக்கை எந்தப் பக்கம் சுழித்திருக்கிறது, விலை படியுமா என்பதோடு சரி. எனக்கும் அதே பழக்கம்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் ஒரு பகல் உட்கார்ந்திருந்தபோது அது விட்டுப்போனது.

“முன்னாடி எல்லாரும் பாக்கறாங்க தம்பி. திருப்பிப் பாருங்க. காதுக்குப் பின்னாடி விரலை விடுங்க” என்று தாம் செதுக்கிய பிள்ளையாரை நீட்டினார் அங்கே வேலையிலிருந்த பெரியவர்.

விட்டேன். காதுமடலுக்கும் தலைக்கும் நடுவே விரல்நுனி நுழையும்படி குடைந்திருந்தது. பூணூல் தோளைத் தாண்டி முதுகில் இறங்கி இடுப்பைச் சுற்றி வந்தது. பூஜை அலமாரியில் வைத்த பிறகு சுவருக்கு மட்டுமே தெரியப்போகும் முதுகு அது. அதற்கும் முகத்துக்குக் கொடுத்த அதே நேரத்தைக் கொடுத்திருந்தார்.

பிறகு மெஷினில் செதுக்கிய பிள்ளையார் ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பலகை வேலைக்குப் பரவலாக ஓடும் சி.என்.சி. மெஷினில் வெட்டுமுனை மேலிருந்து இறங்கித்தான் கட்டையைச் சுரண்டும். மேலிருந்து எட்டாத இடத்துக்குள் அது வளைந்து புகாது. அதனால் காது தலையோடு ஒட்டிக்கிடக்கிறது. மாலைக்கும் மார்புக்கும் இடையில் இருட்டே இல்லை. கை வேலையில் அந்த இருட்டு இருக்கிறது. சிலைக்கு உயிர் இருப்பதுபோல் தோன்றுவது அந்த நிழலால்தான் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி அப்போது 2 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டங்களில் இந்தத் தொழில் நடக்கிறது. மதுரையில் அரசர்கள் காலத்தில் செழித்திருந்த மரவேலைக் குடும்பங்கள் காலம் மாறியபோது பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வந்து தங்கின என்று சொல்கிறார்கள். 2024 ஜூனில் விஷச் சாராயம் 60க்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது இந்த ஊரின் பெயர் நாடு முழுக்கக் கேட்டது. அந்தச் செய்தியோடு மட்டும் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

மேற்கே கல்வராயன் மலை. அதன் சந்தனத்துக்கு ஒரு காலத்தில் பெரும் பெயர் இருந்தது. கள்ளக்குறிச்சியின் பெயரும் முதலில் சந்தனச் சிற்பத்தோடுதான் வெளியே போனது. தமிழ்நாடு அரசின் கைவினை நிறுவனமான பூம்புகார் இங்கே ஓர் உற்பத்தி மையமும் வைத்திருக்கிறது. ஆனால் சந்தனம் வனத்துறையின் பிடியில் இருக்கும் மரம். நினைத்தபடி வெட்டவும் முடியாது, வாங்கவும் முடியாது. இன்றைக்குப் பட்டறைகளில் கிடப்பது பெரும்பாலும் வாகையும் தூங்குமூஞ்சியும். தேக்கு, மா, வேம்பு, அத்தியும் வேலைக்கேற்ப வரும். மணக்கும் மரம் போய் மணக்காத மரம் வந்துவிட்டதே, இது பழைய வேலைதானா என்று கேட்டால் எந்த ஆசாரிக்கும் கோபம் வரும். நியாயமான கோபம். மரம் மாறியபோது உளியின் முனையை மாற்றிக்கொண்டார்கள், அடியின் கனத்தை மாற்றிக்கொண்டார்கள். அளவை மாற்றவில்லை.

அந்த அளவைக் கொஞ்சம் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். பெரியவர் எடுத்து வைத்திருந்தது பெருமாள் செய்வதற்கான கட்டை. நட்டநடுவே மேலிருந்து கீழாகப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அது பிரம்மசூத்திரம். முகத்தின் நடு, மார்பின் நடு, தொப்புள் எல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் அமையும். பிறகு சிலையின் உயரத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி மடிக்க ஆரம்பித்தார். சுவாமிமலையில் ஐம்பொன் வார்ப்பவர்கள் தென்னை ஓலையை நறுக்கி மடித்து இதே வேலையைச் செய்கிறார்கள். அதை ஒடியோலை என்பார்கள்.

இந்த அளவு முறைக்குத் தாளம் என்று பெயர். சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் உத்தம தச தாளம் என்றால், மொத்த உயரம் 124 பங்கு. அதில் ஒரு பங்குதான் அங்குலம். கடை ஸ்கேலில் இருக்கும் அங்குலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சிலைக்கு மட்டுமே சொந்தமான அங்குலம் இது. சாண் உயரச் சிலையில் அது கடுகளவு, ஆளுயரச் சிலையில் கட்டைவிரல் நகத்தளவு. சிலை எத்தனை உயரமானாலும் அங்கங்களின் விகிதம் அப்படியே நிற்கும். பிள்ளையாருக்கோ பஞ்ச தாளம், 5 முக அளவு உயரம்தான். குழந்தையைப் போன்ற அந்தக் குள்ள உருவத்தைப் பார்த்ததும் நமக்குச் சிரிப்பும் அன்பும் ஒருசேர வருகிறதே, அதற்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

இத்தனை கட்டுப்பாட்டில் கலைஞனுக்கு என்ன மிச்சம் என்று கேட்டேன். பட்டையைக் கீழே வைத்துவிட்டு, முடித்து வைத்திருந்த ஒரு சிலையின் வேட்டி மடிப்பின் மேல் விரலை ஓட்டிக்காட்டினார். “அளவு சாஸ்திரத்தோடது. இந்த மடிப்பு எங்கப்பாவோடது. இந்தக் கொடி என்னோடது.” தோரணத்தில் ஓடிய அந்தக் கொடியில் ஒரு இலை மட்டும் காற்றில் திரும்பினதுபோல் முதுகைக் காட்டியது. மரபும் சொந்தக் கையும் மோதிக்கொள்வதாக நகரத்தில் உட்கார்ந்து நாம் நிறையப் பேசிவிட்டோம். இங்கே அவை ஒரே முழக் கட்டைக்குள் சண்டையில்லாமல் குடியிருக்கின்றன.

மரத்தில் தெய்வம் செய்வது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. திருக்கோவிலூரில் ஒற்றைக் காலை உயரத் தூக்கி நிற்கும் உலகளந்த பெருமாள் மரத்தால் ஆனவர் என்பது தலமரபு. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் கூவாகத்தில் கூத்தாண்டவராக வணங்கப்படும் மகாபாரத அரவானின் தலையும் மரம்தான். சித்திரைத் திருவிழாவுக்கு அரவானின் உடல் உறுப்புகள் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வந்து சேரும். களப்பலி முடிந்ததும் உடல் கலைந்துபோகும். தலை அடுத்த சித்திரைக்குக் காத்திருக்கும்.

கல்லுக்கு முன்னால் மரம்தான் இருந்தது. விழுப்புரம் மாவட்டம் மண்டகப்பட்டில் 7ஆம் நூற்றாண்டில் குடைவரை எடுத்த பல்லவ மன்னன் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் அதைச் செய்ததாகக் கல்வெட்டில் பெருமையோடு பதித்திருக்கிறான். அதுவரை கோயில்கள் எதனால் எழுந்தன என்பதற்கு அந்தப் பெருமையே சாட்சி. ஆவுடையார்கோயிலின் கல் கூரையான கொடுங்கையில் உத்திரக் கட்டையையும் ஆணியையும்கூடக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் பெயர் பெற்ற குஞ்சரமல்லனுக்குப் பட்டம் இராஜராஜப் பெருந்தச்சன். மலையளவு கல்லை அடுக்கியவனுக்கும் தச்சன் என்றே பெயர்.

கறையானுக்கும் தீக்கும் போன மரவேலைகள் எத்தனையோ. அவற்றில் ஒன்றைக்கூட நம்மால் மீட்க முடியாது. ஆனாலும் அளவு போகவில்லை, மடிப்பு போகவில்லை. அப்பா பிள்ளையின் கையைப் பிடித்து உளியைச் சாய்த்துக் காட்டியதால் வந்த சொத்து இது. பெரியவர் முதல் வருஷம் முழுக்க உப்புத்தாள்தான் தேய்த்தாராம். அடுத்து உளி தீட்டுவது. அதன் பிறகுதான் பூவும் இலையும் செதுக்க விட்டார்கள். தெய்வத்தின் முகம் கைக்கு வரப் பல வருஷம் ஆனது. கண் திறப்பது எப்போதும் கடைசி வேலை, அதை அப்பா உயிரோடிருந்தவரை அவரேதான் செய்தார். இப்போது பட்டறையில் உப்புத்தாள் தேய்க்க ஒரு பையன்கூட இல்லை. அவருடைய சொந்தப் பிள்ளை சென்னையில் வேறு வேலை பார்க்கிறான்.

புவிசார் குறியீடு இதைக் காப்பாற்றுமா? அது ஊரின் பெயரைக் காப்பாற்றும். வேறெங்கோ செய்ததைக் கள்ளக்குறிச்சிச் சிற்பம் என்று விற்பதற்கு எதிராகச் சட்டம் பேசும். சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டிக்கும் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூருக்கும் இதேபோலத் தனித்தனிக் குறியீடு உண்டு. மூன்று ஊரும் எட்டும் தூரத்தில் இருப்பவை. இவ்வளவு சிறிய நிலப்பரப்பில் மூன்று மரச்சிற்ப மரபுகள் உயிரோடிருப்பதை நினைத்து நாம் கர்வப்பட வேண்டும். ஆனால் அந்தக் குறியீடு பட்டறைக்குள் தானாக நுழைந்துவிடாது. 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு கைவினைஞரும் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தம் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கு விண்ணப்பம், சான்று, அலைச்சல். நாள் முழுக்க உளி பிடிக்கும் ஒருவர் இதற்கெல்லாம் எப்போது போவார்? மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரியில் மரச்சிற்பமும் பாடமாக இருக்கிறது. அங்கே படித்த பிள்ளைகளைச் சில மாதங்கள் இந்தப் பட்டறைகளில் உட்கார வைத்தால், ஏட்டில் உள்ள தாளமும் கையில் உள்ள மடிப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். பதிவு வேலையையும் அவர்களே முடித்துக் கொடுக்கலாம்.

மரபை விட்டுவிடாதீர்கள் என்று செதுக்குகிறவருக்கு நாம் சொல்வது சுலபம். விடாமல் இருப்பவருக்கு வாரக்கணக்கில் ஆகும் வேலையையும் மெஷின் வேலையையும் ஒரே தட்டில் வைத்து விலை கேட்பதும் நாம்தான். வாங்கிய சிலையை யார் செய்தது என்று கடையில் ஒரு நாளும் கேட்டதில்லை. 1,000 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பேரரசன் தன் தச்சனின் பெயரைக் கல்லில் வெட்ட இடம் கொடுத்தான். நாம் ஒரு சீட்டில்கூட எழுதுவதில்லை.

புறப்படும்போது பெரியவர் செதுக்கிய அந்தப் பிள்ளையாரையே வாங்கிக்கொண்டேன். தலைகீழாகப் புரட்டிப் பார்த்தேன். பீடத்தின் அடியில் பென்சிலால் விலை மட்டும் எழுதியிருந்தது. “உங்க பேரை எழுதிக் கொடுங்கய்யா” என்றேன். “எதுக்கு தம்பி?” என்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு சின்ன உளியை எடுத்து, விலை எழுதியிருந்த இடத்தை மெல்லச் சீவி வழவழப்பாக்கினார். பெயரைப் பென்சிலால் எழுதினார். திருப்தியில்லை போலிருக்கிறது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சிலையை மடியில் சாய்த்து, முதல் எழுத்தாக நின்ற அப்பாவின் இனிஷியலிலிருந்து வெட்டத் தொடங்கினார்.